நாலு விசிபியுன்னு மட்டும் எழுதி வச்சா பத்தாது

ஹட்டன் பக்கம் ஒரு தோட்ட ஒபிஸ்ல ஒரே ஒரு சேர்வர்னு வச்சுக்குவோம், புரொசசர்ல 8 கோர் (தனித்தனியா வேலை செய்யுற பகுதி) இருக்கிற மெஷின், அதுக்குள்ள செக்ரோல் (ஆளுங்க வேலைநாள், சம்பளப் பதிவு) கணக்குக்கு ஒரு விஎம் (மெஷினுக்குள்ளயே தனி கம்பியூட்டர் மாதிரி ஓடுறது), ஃபைல் வைக்க ஒண்ணு, கேமரா ரெக்கோர்டிங்குக்கு ஒண்ணு. சம்பளம் போடுற வாரம் வந்தா கணக்கு விஎம் இழுத்துக்கிட்டு நிக்கும், உடனே "தம்பி, விசிபியுவ கொஞ்சம் கூட்டி விடு"ன்னு யாராவது சொல்லுவாங்க, 2 இருந்தது 4 ஆகும், அப்புறம் 8 ஆகும், யாரு ஏன் கூட்டுனாங்கன்னு எங்கயுமே எழுதியிருக்காது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

விசிபியுங்கிறது விஎம்முக்கு குடுக்கிற கற்பனை புரொசசர், நிஜ கோர் இல்ல. விஎம்முக்கு அது சொந்த புரொசசர் மாதிரி தெரியும், ஆனா கீழ ஓடி எல்லா விஎம்மையும் நடத்துற ஹைப்பர்வைசருங்கிற மென்பொருளுக்கு அது வரிசையில நிக்கிற ஒரு வேலை, எந்த கோர் காலியா இருக்கோ அதுல கொஞ்ச நேரம் ஏத்தும், இறக்கிட்டு அடுத்தத ஏத்தும். 8 கோர்ல மொத்தமா 16 விசிபியு குடுத்தாலும் ஓடுறது ஏன்னா எல்லா விஎம்மும் ஒரே நேரத்துல மும்முரமா இருக்கிறது இல்ல.

அப்ப கூட்டிக்கிட்டே போனா என்ன? கொழுந்து நிறுக்கிற மடுவத்துல நாலு தராசு இருக்கு, தனியா வர்றவங்க எது காலியோ அதுல கொழுந்த நிறுத்துட்டுப் போயிரலாம், ஆனா நாலு பேரு சேந்து வந்து ஒண்ணாத்தான் நிறுப்போம்னு நின்னா நாலு தராசும் ஒரே நேரத்துல காலியாகணும். விஎம்வேர் கம்பனியோட ஹைப்பர்வைசர் ஈஎஸ்எக்ஸ் 2 காலத்துல ஒரு விஎம்மோட விசிபியு எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான், 2006ல வந்த 3.0லருந்து இத தளர்த்திட்டாங்க, இருந்தாலும் ஒரு விசிபியு ரொம்ப முன்னால ஓடிட்டா மத்தது வந்து சேர்ற வரைக்கும் அத நிறுத்தி வைக்கும். அதனால தேவையில்லாம 8 குடுத்த விஎம் வேகமாகாம இன்னும் மெதுவாகலாம்.

காத்திருக்கிற நேரத்த பாக்க முடியும். விஎம்வேரோட விஸ்பியர்ல சிபியு ரெடின்னு ஒரு எண் இருக்கு, ரியல்டைம் சார்ட்டுல ஒவ்வொரு புள்ளியும் 20 செக்கன், அதாவது 20,000 மில்லிசெக்கன், ஒரு விசிபியுவுக்கு 2,000 காட்டுனா 10 சதவீத நேரம் வேலை இருந்தும் கோர் கிடைக்காம நின்னிருக்குன்னு அர்த்தம். லினக்ஸோட ஹைப்பர்வைசரான கேவிஎம்ல ஓடுற லினக்ஸ் விஎம்னா உள்ள டொப்ங்கிற (top) கட்டளைய குடுத்து எஸ்டின்னு (st) இருக்கிற எண்ண பாருங்க, அதுவும் இதே காத்திருப்புதான்.

இப்ப சேர்வர் விவரம் எழுதுற நோட்டுல "4 விசிபியு"ன்னு மட்டும் இருந்தா என்ன புரியும்? 4 சொக்கெட்டா (புரொசசர் சில்லு பொருத்துற இடம்), இல்ல ஒரே சொக்கெட்டுல 4 கோரா? விண்டோஸ் 10 ப்ரோ 2 சொக்கெட்டுக்கு மேல எடுக்காது, 4 சொக்கெட்டா குடுத்தா பாதி சும்மா கிடக்கும். லிமிட், அதாவது விஎம் எடுக்கக்கூடிய புரொசசர் வேகத்துக்கு போடுற வரம்பு, அதவிட மோசம், யாரோ ஒரு காலத்துல 2,000 மெகாஹேர்ட்ஸ்னு போட்டு மறந்திருந்தா அது முழு விஎம்முக்குமான உச்சம், நீங்க எத்தன விசிபியு சேத்தாலும் அதையே பங்கு போட்டுக்கும்.

நான் எழுதுற மாதிரி சொல்றேன்: "கணக்கு விஎம், 4 விசிபியு, 1 சொக்கெட் 4 கோர், ரிசர்வேஷன் இல்ல, லிமிட் இல்ல, ஷெயார்ஸ் நோர்மல். முன்ன 2. சம்பள ரிப்போர்ட் ஓடுறப்போ ரெண்டும் முழுசா போச்சு, ரெடி குறைவா இருந்துச்சு, அதனால கூட்டினது." திகதியும் மாத்துன ஆளோட பேரும் பக்கத்துல. ரிசர்வேஷன்னா விஎம்முக்குன்னு ஒதுக்கி வைக்கிறது, ஷெயார்ஸ்னா நெருக்கடியில யாருக்கு எவ்வளவு பங்குன்னு சொல்றது. இதுல அந்தக் காரண வரிதான் உயிர், ஏன்னா மத்ததெல்லாம் செட்டிங்ஸ்ல பாத்து எடுத்துரலாம், காரணத்த எந்த ஸ்கிரீனும் காட்டாது. ஹோஸ்ட்டோட, அதாவது விஎம்மெல்லாம் ஓடுற சேர்வரோட, நிஜ கோர் எத்தனன்னும் போடுங்க, ஒரு கோர ரெண்டா காட்டுற ஹைப்பர் த்ரெடிங்னால 16ன்னு காட்டுனாலும் உள்ள இருக்கிறது 8தான்.

கேவிஎம் வச்சிருக்கவங்க இன்னொண்ணும் எழுதணும், ஓடிக்கிட்டு இருக்கிற விஎம்ல மட்டும் விசிபியுவ கூட்டிட்டு சேமிச்சு வச்ச கொன்ஃபிக்ல சேக்கலன்னா கரண்ட் போயி விஎம் திரும்ப எழும்புறப்போ பழைய எண்ணுக்கே போயிரும், அதனால ரெண்டு இடத்துலயும் மாத்தியாச்சான்னு அதே வரியில குறிச்சிருங்க.