படுக்க வைக்கும் முன் ஒரு ஸ்கேன்

நாள் தள்ளிப்போய் ஐந்தாறு வாரம் ஆகியிருக்கும். காலையில் உள்ளாடையில் ஒரு பழுப்புக் கறை. காரைக்குடிப் பக்கம் இதற்கு முதல் வைத்தியம், பெண்ணை வளவு அறையில் படுக்க வைத்துக் காலுக்குத் தலையணை கொடுப்பது. அடுத்து விசாரணை. பப்பாளி தின்றாயா? குன்றக்குடி மலைப்படி ஏறினாயா? தேவகோட்டை பஸ்ஸில் எதற்குப் போனாய்? அப்பத்தா ஒரு காரணம் சொல்வார், சிங்கப்பூரிலிருக்கும் கணவர் போனில் இன்னொன்று சொல்வார். எங்களிடம் வந்து "லேசா படுது டாக்டர்" என்று சொல்வதற்குள் இரண்டு மூன்று நாள் ஓடியிருக்கும்.

முதல் மூன்று மாதத்தில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் கொஞ்சமாவது இரத்தம் படுகிறது. அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். கரு ஒட்டும்போது சொட்டுப் படலாம். கர்ப்பவாய்க்கு இரத்த ஓட்டம் கூடியிருப்பதால் தாம்பத்தியத்துக்குப் பிறகும் படலாம். சில பேருக்குக் கருப்பைக்கு உள்ளேயே கருவை ஒட்டி இரத்தம் கட்டியிருக்கும். பெரும்பாலும் அது தானாகவே கரைந்துவிடும்.

சரி, பிறகு எதற்கு அவசரம்? கரு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடும். அப்போதும் இதே பழுப்புக் கறைதான், இதே அளவுதான். 'கொஞ்சமாத்தானே படுது' என்ற சமாதானம் இங்கே உதவாது. குழாய் வெடித்தால் இரத்தம் வயிற்றுக்குள் போகும், வெளியே தெரியாது. அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தலைசுற்றல், மயக்கம் வரும். தோள்பட்டை நுனியிலும் வலிக்கலாம். வாயு பிடித்திருக்கிறது என்று அதற்குப் பூண்டு சுட்டுக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. இந்த அறிகுறிகள் இருந்தாலும், மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாமியார் ஒருவர் நனைந்த நாப்கினைச் செய்தித்தாளில் மடித்து மஞ்சள் பையில் கொண்டுவந்து, கூச்சத்தோடு மேஜைக்கு அடியில் வைத்தார். கூச்சமே வேண்டாம். 'நிறையப் பட்டுச்சு' என்ற பேச்சைவிட எங்களுக்கு அதுதான் உபயோகம். கட்டியோ சதை மாதிரி எதுவுமோ விழுந்தால் கட்டாயம் கொண்டுவாருங்கள்.

பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் உள்வழி ஸ்கேன் கருவை அசைத்துவிடும் என்று பலர் மறுக்கிறார்கள். அசைக்காது. சின்னக் கருவை அதில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணி ஐந்து வாரத்தில் இதயத்துடிப்பு தெரியாமல் போனால் பயந்து மறுநாளே வேறு சென்டருக்கு ஓடுவதில் பலனில்லை. ஒரு நாளில் கரு அவ்வளவு வளர்ந்துவிடாது. 48 மணி நேர இடைவெளியில் ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனுக்கு இரத்தப் பரிசோதனை, ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறு ஸ்கேன் என்றுதான் போக வேண்டும். அந்த வாரம் கொடுமைதான், ஒத்துக்கொள்கிறேன். துடிப்பு தெரிந்துவிட்டால் பத்தில் ஒன்பது பேருக்குக் கர்ப்பம் தொடரும்.

படுத்தே கிடப்பதால் கலைகிற கரு நிற்பதில்லை. அசதியாக இருந்தால் ஓய்வெடுங்கள், இரத்தம் நிற்கும்வரை தாம்பத்தியம் வேண்டாம், அவ்வளவுதான். கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரான் மருந்து, முன்பே கரு கலைந்து இப்போதும் இரத்தம் படுகிறவர்களுக்குக் கைகொடுக்கலாம், எல்லோருக்கும் தேவையில்லை. நாத்தனாருக்கு எழுதிக் கொடுத்ததில் மிச்சமிருந்த மாத்திரையை எடுத்துப் போடாதீர்கள்.

அப்படியும் கலைந்துவிட்டால், ஆரம்பத்தில் கலைகிற கருக்களில் பாதிக்குமேல் குரோமோசோம் கோளாறால் கலைபவை. அதற்கும் மலைப்படிக்கும் சம்பந்தமில்லை. இதை நான் பெண்ணிடம் தனியாகச் சொல்வதில்லை, கூட வந்தவர்களையும் உட்கார வைத்துத்தான் சொல்வேன்.

அப்புறம், வரும்போது இரத்த வகை எழுதிய சீட்டையும் எடுத்து வாருங்கள். நெகட்டிவ் வகையாக இருந்தால், அடுத்த பிள்ளையைப் பாதிக்கும் எதிர்ப்பொருள் தாயிடம் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று பார்ப்போம். தேவைப்பட்டால் இரத்தம் பட்ட 72 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். இரண்டு மூன்று நாள் படுத்திருந்துவிட்டு வந்தால் அந்தக் கெடு ஏறக்குறைய முடிந்திருக்கும்.