லீக் டிடெக்ஷன் பம்பு: இந்தப் பேருக்கு என்ன அர்த்தம், தமிழ்ல என்ன சொல்லலாம்

செக் எஞ்சின் லைட் எரியுது, ஸ்கேனர் போட்டா பெட்ரோல் ஆவி லீக்குனு ஒரு கோளாறு எண் (கோடு) காட்டுது, உடனே நெறைய பேர் மாத்திடுறது லீக் டிடெக்ஷன் பம்பைத்தான். சுருக்கமா எல்டிபி. லீக்கை கண்டுபிடிக்கிற பம்புனு பேர்லயே இருக்கு, அப்ப லீக் கோடு வந்தா அதுதானே போயிருக்கும்னு நெனைக்கத் தோணுது. இந்தப் பேரைக் கொஞ்சம் பிரிச்சுப் பாத்தா வீணா ஒரு பம்பு மாத்துற செலவு மிச்சமாகும்.

மொதல்ல சாமான் எதுக்குனு சொல்லிடறேன். டேங்க்ல உண்டாகுற பெட்ரோல் ஆவி வெளிய போகாம கரி அடைச்ச கேனிஸ்டர்ல பிடிச்சு வச்சு, எஞ்சின் ஓடும்போது உறிஞ்சி எரிச்சிடுற அமைப்புக்குத்தான் ஈவாப்னு பேர். அமெரிக்காவுல 1996 மாடல்லேர்ந்து காரே தன் கோளாறைக் கண்டுபிடிச்சு சொல்ற ஓபிடி 2ங்கிற அமைப்பு கட்டாயமானப்ப, ஈவாப்ல ஓட்டை இருக்கானும் காரே சோதிச்சுக்கணும்னு ஆச்சு, மொதல்ல 1 மில்லிமீட்டர் ஓட்டை வரைக்கும், அப்புறம் 2000 மாடல்லேர்ந்து படிப்படியா அரை மில்லிமீட்டர் வரைக்கும். அதுக்காக கிரைஸ்லர், ஃபோக்ஸ்வேகன் மாதிரி கம்பெனிங்க வச்சதுதான் எல்டிபி.

இப்ப சொல்லுக்கு வருவோம். லீக்ங்கிறது பழைய நார்ஸ் மொழியில சொட்டுறதுக்கான லெகாங்கிற சொல்லோட உறவு. டிடெக்ட் லத்தீன்லேர்ந்து வந்தது, மூடினதைத் திறந்து காட்டுறதுனு பொருள். பம்பு டச்சுப் பக்கத்துச் சொல், கப்பலுக்குள்ள புகுந்த தண்ணிய வெளியேத்துற கருவிக்குத்தான் இங்கிலீஷ்ல மொதல்ல புழங்குச்சு.

தமிழ்ல லீக்குக்கு ஒரே சொல் கிடையாது, அதான் அழகு. கூரை ஒழுகும், குழாய் சொட்டும், பானை கசியும், நெல்லுக்கு எறைச்ச தண்ணி புல்லுக்கும் பொசியும். ஆவிக்கு ஒழுகல் ஒத்து வராது, கண்ணுக்குத் தெரியாம மெல்ல வெளிய போறதால கசிவுதான் சரி. பம்புக்கு கலைச்சொல் எக்கி. சிலருக்கு இது செயற்கையா கேக்கும், ஆனா வயித்தை எக்குறதுனு நாம தெனமும் சொல்ற அதே எக்குதான், அதுவும் எல்டிபிக்கு இது அச்சா பொருந்துது. ஏன்னா இதுக்குள்ள சுத்துற மோட்டார் எதுவும் இல்ல, ஒரு ரப்பர் சவ்வு, அதாவது டயாஃப்ரம்தான் இருக்கு. சோலனாய்டுங்கிற மின்காந்த வால்வுக்கு கரண்ட் போனா எஞ்சின் வேக்குவம் அந்த டயாஃப்ரத்தை வயித்தை எக்குற மாதிரி மேல இழுக்கும், கரண்ட் நின்னா ஸ்பிரிங் அதைக் கீழ தள்ளி காத்தை டேங்க் பக்கம் அனுப்பும். கிரைஸ்லர் எல்டிபியில இப்படி ஏத்துற அழுத்தம் சுமார் ஏழரை இன்ச் உயரத் தண்ணி குடுக்குற அழுத்தம் அளவுதான், ரொம்ப லேசு.

சரி, கண்டுபிடிக்கிறது யாரு? டயாஃப்ரம் கீழ எறங்கினதும் ரீட் சுவிட்ச்னு காந்தத்துல இயங்குற ஒரு சின்ன சுவிட்ச் மூடும், அந்த சிக்னலைப் பாத்து காரோட கம்ப்யூட்டர் அடுத்த துடிப்பு குடுக்கும். ஓட்டை இல்லாட்டி அழுத்தம் நிக்கும், டயாஃப்ரம் மெதுவா எறங்கும். ஓட்டை இருந்தா சட்டுசட்டுனு எறங்கும். அந்த வேகத்தை வச்சு லீக் எவ்ளோனு முடிவு பண்றது கம்ப்யூட்டர், பம்பு காத்தை அடிச்சு சிக்னல் குடுக்குறதோட சரி. அதனால 'கசிவறி எக்கி'னு நேரா பெயர்க்கிறதை விட 'ஆவிக்கசிவுச் சோதனை எக்கி'ங்கிறதுதான் எனக்கு சரியாப் படுது, வேலை என்னங்கிறது பேர்லயே தெரிஞ்சிடும்.

இதே வித்தியாசம் கோடுலயும் இருக்கு. பி0442, பி0455, பி0456 எல்லாம் அமைப்புல கசிவுனு சொல்றது, பெரும்பாலும் பம்பு ஒழுங்கா வேலை செஞ்சதாலதான் அந்தக் கோடே வந்திருக்கும். கிரைஸ்லர்ல பி1494 வந்தா பம்பு சுவிட்ச் கோளாறு, இல்லன்னா மெக்கானிக்கல் கோளாறு, பி1495 வந்தா சோலனாய்டு சர்க்யூட். மின்சோதனைக்கு வேலை பம்பையே குத்தம் சொல்ற இந்த பி1494, பி1495 வகையிலதான்.

சோதனை பெரிய வித்தை இல்ல. பெரும்பாலும் மூணு ஒயர்: 12 வோல்ட் சப்ளை, கம்ப்யூட்டர் கிரவுண்ட் பண்ற சோலனாய்டு கன்ட்ரோல், ரீட் சுவிட்ச் சிக்னல். எந்தப் பின் எதுங்கிறதை அந்த வண்டி ஒயரிங் படத்துல பாத்துக்கணும். கனெக்டரைக் கழட்டி, சாவி ஆன்ல வச்சு சப்ளை பாக்கும்போது வெறும் மல்டிமீட்டரை நம்பாதீங்க, பாசி புடிச்ச ஒயர்லயும் அது 12 காட்டும், ஒரு டெஸ்ட் லேம்ப் போட்டு பளிச்சுனு எரியுதானு பாருங்க. அதே லேம்ப்பை சப்ளைக்கும் கன்ட்ரோலுக்கும் நடுவுல போட்டு ஸ்கேனர்ல பம்பை ஓட்டச் சொன்னா லேம்ப் விட்டுவிட்டு எரியணும், எரியலன்னா ஒயரையோ கம்ப்யூட்டரையோ பாக்கணும், பம்பு மேல பழி போடக்கூடாது.

பம்பு பக்கம் சோலனாய்டு காயிலை ஓம்ஸ்ல அளந்து மேனுவல் அளவோட ஒப்பிட்டுட்டு, சும்மா இருக்கும்போது ரீட் சுவிட்ச் மூடியிருக்கானு பாத்துடுங்க. அப்புறம் கை வேக்குவம் பம்பை மாட்டி, கொஞ்ச நேரம் மட்டும் 12 வோல்ட் குடுத்தா 'டக்'னு சத்தம் வந்து, டயாஃப்ரம் ஏறி, மீட்டர்ல சுவிட்ச் திறக்கணும். பம்பைக் கழட்டி டேங்க்லேர்ந்து தள்ளி வச்சுத்தான் இதைச் செய்யணும், பெட்ரோல் ஆவி பக்கத்துல ஒரு சின்னப் பொறி போதும்.

இதெல்லாம் சரியா இருந்தும் பி1494 போகலன்னா எஞ்சின்லேர்ந்து வர்ற வேக்குவம் ஹோஸ் வெடிச்சிருக்கா, கழண்டிருக்கானு பாருங்க, கரண்ட் எவ்ளோ சரியா வந்தாலும் வேக்குவம் இல்லாம எக்க முடியாது.