கரித்தூள் திரியும் எட்டு நிமிடம்

கர்ப்பிணிகளுக்கு எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைகளில் வி.டி.ஆர்.எல். என்று ஒன்று இருக்கும். எதற்கு என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அது சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான சோதனை. மேகப்புண், பறங்கிப்புண் என்றெல்லாம் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொன்ன அதே நோய்.

இந்தக் கிருமியை நேரடியாகப் பிடிப்பது லேசான வேலை இல்லை. சுருள் கம்பி போன்ற உருவம். சாதாரண நுண்ணோக்கியில் கண்ணுக்குப் படாத அளவுக்கு ஒல்லி. மற்ற பாக்டீரியாக்களைப் போல லேபில் தட்டில் வளர்த்துப் பார்க்கவும் முடியாது. தொற்றிச் சுமார் மூன்று வாரத்தில் வலியில்லாத ஒரு புண் வரும். மருந்தே போடாமல் அது ஆறியும் விடும். சரி, போய்விட்டது என்று நிம்மதியாகிவிடுவார்கள். கிருமி உடம்பை விட்டுப் போயிருக்காது.

அதனால் சோதனை சுற்றுவழியில் போகிறது. கிருமியைத் தேடாமல் அது விட்டுச்சென்ற தடத்தைத் தேடுகிறது. செல்கள் சிதையும்போது கார்டியோலிபின் என்ற கொழுப்பு வெளிப்படும். அதற்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்கும். வி.டி.ஆர்.எல்.-இன் தம்பி என்று சொல்லத்தக்க ஆர்.பி.ஆர். சோதனையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெள்ளை அட்டையில் ஒரு வட்டம். அதில் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் ஒரு சொட்டு. அதன்மேல் கார்டியோலிபினும் நுண்ணிய கரித்தூளும் கலந்த திரவம் ஒரு சொட்டு. அட்டையை எட்டு நிமிடம் சுழலவிடுவார்கள். எதிர்ப்பொருள் இல்லையென்றால் வட்டம் ஒரே சீரான சாம்பல் நிறமாக இருக்கும். இருந்தாலோ, பால் திரிவது போலக் கரித்தூள் கறுப்புக் கறுப்பாகத் திரண்டுவிடும். அவ்வளவுதான். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

குறையும் உண்டு. மலேரியா, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களிலும் கரித்தூள் திரளலாம். அதனால் பாசிட்டிவ் வந்தால் கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைத் தேடும் இரண்டாவது சோதனை தேவை. தொற்றிய முதல் சில வாரங்களில் நெகட்டிவ் என்றும் வரலாம். சந்தேகம் இருந்தால் மறுபடி எடுக்க வேண்டும்.

இவ்வளவு எளிய சோதனை கையில் இருந்தும் என்ன நடக்கிறது? அமெரிக்காவில் 2000-இல் சிபிலிஸ் மிகவும் குறைந்து, ஒழித்தே விடலாம் என்று திட்டம் போட்டிருந்தார்கள். 2022-இல் அங்கே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் பதிவானது. தாயிடமிருந்து தொற்று பெற்ற குழந்தைகள் 2012-இல் 335; 2022-இல் 3,700-க்கும் மேல். இவற்றில் பத்தில் ஒன்பதை நேரத்தோடு சோதித்து மருந்து கொடுத்துத் தடுத்திருக்கலாம் என்கிறது அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. மருந்து பழைய பென்சிலின்தான். ஆரம்ப நிலை என்றால் 24 லட்சம் யூனிட் ஊசி ஒரே தடவை போதும். கர்ப்பிணிக்குப் பிரசவத்துக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும். வலி எடுத்த பிறகுதான் முதல்முறையாக ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் தாய்க்கு அந்த நான்கு வாரம் எங்கிருந்து வரும்? பால்வினை நோய் கிளினிக்குகளுக்கு நிதி குறைந்ததற்கும், கொரோனா காலத்தில் ஊழியர்கள் வேறு வேலைக்குப் போனதற்கும் அந்தக் குழந்தைகள் விலை கொடுத்தன. எனக்கு இது ஆறவே இல்லை.

2024 ஆகஸ்டில், மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ளும் சிபிலிஸ் சோதனைக்கு அங்கே அனுமதி கிடைத்தது. நல்ல விஷயம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், கால் மணி நேரம். அதிலும் பாசிட்டிவ் வந்தால் மருத்துவரிடம் போய் உறுதிசெய்ய வேண்டும்.

நம் ஊரில் கர்ப்பிணிக்கு இந்தச் சோதனை வழக்கமாக நடக்கிறது. மற்றவர்கள் கூச்சத்தால் ஒதுங்கிவிடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது, எச்.ஐ.வி.க்கு நம்பிக்கை மையம் இருக்கிறது, விவரம் கேட்க 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. அப்புறம் இன்னொன்று. மனைவிக்கு பாசிட்டிவ் என்றால் கணவரும் சோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும், தேவைப்பட்டால் ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் குணமான மனைவிக்கு அவரிடமிருந்தே மறுபடியும் தொற்றும், வயிற்றில் குழந்தை இருக்கும்போதே.