ஊசி போட்டும் பொன்னுக்கு வீங்கி வருதே, ஏன்?

பக்கத்து வீட்டு அக்கா பையனுக்கு போன மாசம் ரெண்டு காதுக்கும் கீழ பொம்முன்னு வீங்கிருச்சு, பாத்த ஒடனே தெரிஞ்சுது பொன்னுக்கு வீங்கி தான்னு, பாட்டி தங்கச் சங்கிலிய எடுத்து அவன் கழுத்துல போட்டு வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு தடவிட்டாங்க. அக்காவுக்கு தான் மனசு ஆறல. "காசு குடுத்து ரெண்டு தடவ ஊசி போட்டேனே தம்பி, அப்புறம் எப்படி வரும்?"னு கேட்டாங்க. நியாயமான கேள்வி, வாசல்ல நின்னு ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்ல முடியல, அதான் ஒக்காந்து எழுதுறேன்.

எம்எம்ஆர் ஊசி மூணு வியாதிக்கு சேத்து போடுறது, தட்டம்மை, மம்ப்ஸ் (அதான் பொன்னுக்கு வீங்கி), ரூபெல்லா. ரெண்டு டோஸ் போட்டா தட்டம்மைக்கு கிட்டத்தட்ட 97 சதவீதம் பாதுகாப்பு. மம்ப்ஸுக்கு ஒரு டோஸ்ல 72 சதவீதம், ரெண்டு டோஸ்ல 86 சதவீதம். மூணுல கொஞ்சம் பலம் கொறஞ்சது இது தான். இந்த 86ஐ நெறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிறாங்க, ஊசி போட்ட 100 பேர்ல 14 பேருக்கு கண்டிப்பா வரும்னு அர்த்தம் இல்ல, ஊசி போடாத ஒரு கூட்டத்துல 100 பேருக்கு வர்ற எடத்துல அதே அளவு ஊசி போட்ட கூட்டத்துல 14 பேருக்கு தான் வரும், அவ்ளோதான்.

இப்ப ஒரு கணக்கு போடுவோம். ஒரு காலேஜ்ல 1000 பேர், அதுல 950 பேர் ரெண்டு டோஸ் போட்டவங்க, 50 பேர் போடாதவங்கன்னு வெச்சுக்குங்க. வைரஸ் உள்ள வந்து போடாதவங்கள்ல 100க்கு 40 பேர புடிக்குதுன்னா அந்த 50ல 20 பேருக்கு வரும். போட்டவங்களுக்கு அதுல 14 சதவீதம் தான், அதாவது 100க்கு 5.6 பேர், 950க்கு 53 பேர். மொத்தம் 73 பேர்ல 53 பேர் ஊசி போட்டவங்க! பாக்குறவங்க "ஊசி போட்டவனுக்கு தான் அதிகமா வருது"ன்னு சொல்லுவாங்க. ஆனா யாருமே போடலன்னா 400 பேர் படுத்திருப்பாங்க. அந்த 327 பேரு வீங்காத கன்னத்தோட கிளாசுக்கு போறது யார் கண்ணுக்கும் தெரியாது.

சரி, ஏன் தட்டம்மை ஊசி மாதிரி பலமா இல்ல? இதுக்கு ஊசி பொறந்த கதைக்கு போகணும். 1963ல அமெரிக்காவுல மாரிஸ் ஹில்மேன்னு மெர்க் கம்பெனி விஞ்ஞானி, அவர் பொண்ணு ஜெரில் லின்னுக்கு அஞ்சு வயசு, ராத்திரி தொண்ட வலிக்குதுன்னு எழுப்பினா, கன்னத்த தொட்டு பாத்தா மம்ப்ஸ். மனுஷன் லேபுக்கு காரெடுத்துட்டு போய் சாமான எடுத்துட்டு வந்து பொண்ணு தொண்டையில பஞ்சு விட்டு வைரஸ எடுத்து வெச்சுட்டார். அத கோழி முட்டை கருவுலயும் கோழிக்கரு செல்லுலயும் திரும்ப திரும்ப வளத்தாங்க, அப்படி வளர வளர வைரஸ் கோழிக்கு பழகி மனுஷ ஒடம்புல முன்ன மாதிரி ஆட்டம் போட முடியாம சாதுவாயிரும், ஆனா நம்ம ஒடம்பு அத பாத்து ஆன்டிபாடி (கிருமிய ஒட்டி அடக்கற புரதம்) செஞ்சு பழகிக்கும். 1967ல அந்த ஊசிக்கு லைசன்ஸ் கெடச்சுது. இன்னைக்கும் அந்த வைரஸ் பேரு ஜெரில் லின் ஸ்ட்ரெயின் (ஒரே வைரஸ்ல ஒரு தனி ரகம்) தான்.

இதுல சிக்கல் எங்கன்னா, ரொம்ப சாதுவாக்கினா ஒடம்பு அத பெருசா கண்டுக்காது, கம்மியா சாதுவாக்கினா ஊசியே தொல்ல குடுக்கும். ஜப்பான்ல உருவான உராபேன்னு இன்னொரு ஸ்ட்ரெயின் இருந்துச்சு, அதுல சில கொழந்தைங்களுக்கு மூளை உறையில அழற்சி வந்ததால 1992ல பிரிட்டன் அத நிறுத்திருச்சு. ஜெரில் லின்ல அந்த பயம் இல்ல. கொழந்தைக்கு போடுற ஊசிங்கறதால பாதுகாப்பு பக்கம் சாஞ்சது தான் சரின்னு நான் நெனக்கிறேன், ஆனா அதுக்கு ஒரு வெல இருக்கு, வருஷம் ஓட ஓட எதிர்ப்பு கரையுது. 2018ல வந்த ஒரு ஆய்வுல கடைசி டோஸுக்கு அப்புறம் சராசரியா 27 வருஷத்துல பாதுகாப்பு போயிடுதுன்னு கணக்கு போட்டாங்க. சராசரி தான், சிலருக்கு முன்னாடியே போயிரும். இன்னொன்னு, ஊசியில இருக்கறது ஏ வகை, இப்ப பல நாட்டுல சுத்துறது ஜி வகை, அதனால ஆன்டிபாடி கொஞ்சம் கம்மியா தான் ஒட்டுது, எதிர்ப்பு நல்லா இருக்கறப்ப பரவால்ல, கரைஞ்சு போன சமயத்துல தான் இது ஒதைக்குது.

எவ்ளோ வைரஸ் மேல வந்து விழுதுங்கறதும் முக்கியம். 2009ல பிரிட்டன்ல இருந்து திரும்பின 11 வயசு பையன் ஒருத்தன் நியூயார்க் பக்கம் சம்மர் கேம்ப் போனான், அங்க ஆரம்பிச்சு 3502 பேருக்கு பரவிருச்சு. அதுல 97 சதவீதம் பேர் பழமைவாத யூத சமூகத்துக்காரங்க. 13ல இருந்து 17 வயசு நோயாளிங்கள்ல, ஊசி விவரம் தெரிஞ்சவங்கள்ல 89 சதவீதம் பேர் ரெண்டு டோஸ் போட்டவங்க! அந்த பசங்க படிக்கற முறை அப்படி, குறுகலான மேஜையில ரெண்டு பேர் எதிர் எதிரா ஒக்காந்து முகத்துக்கு முகம் நேரா சத்தமா விவாதம் பண்ணி மணிக்கணக்கா படிப்பாங்க. மம்ப்ஸ் எச்சில்ல பரவுற வைரஸ், இப்படி நாள் பூரா எச்சில் தெறிச்சா ஓரளவு எதிர்ப்பு இருக்கற ஒடம்பு கூட தாங்காது. ஆனா அதே தெருவுல இருந்த மத்த ஜனங்களுக்கு பெருசா பரவல, ஊசி வேல செஞ்சதுக்கு இதவிட சாட்சி வேணுமா? அமெரிக்க காலேஜ் ஹாஸ்டல்கள்லயும் இதே கதை. 2015ல அயோவா யூனிவர்சிட்டில பரவினப்ப மூணாவது டோஸ் போட்டு பாத்தாங்க, போட்டு 28 நாள் கழிச்சு பாத்தா, ரெண்டு டோஸ்காரங்கள விட வர்ற வாய்ப்பு 78 சதவீதம் கம்மி. 2018ல இருந்து இப்படி பரவுற எடத்துல மட்டும் மூணாவது டோஸ் போடலாம்னு அங்க சொல்லிட்டாங்க.

ஊசிக்கு அப்புறம் வந்தாலும் பெரும்பாலும் லேசா போயிரும். வயசுக்கு வந்த ஆம்பளைங்களுக்கு ஊசி இல்லாம மம்ப்ஸ் வந்தா 100க்கு 30 பேர் வரைக்கும் விதைப்பை வீங்கும், போட்டவங்களுக்கு அது 10க்குள்ள. காது கேக்காம போறது, மூளைக்காய்ச்சல், இதெல்லாமும் ரொம்ப கொறஞ்சிருச்சு. அக்கா பையனுக்கும் நாலே நாள்ல வீக்கம் வத்தி சோறு கேட்டு சண்ட போட ஆரம்பிச்சுட்டான்.

அக்காகிட்ட கடைசியா இன்னொன்னும் சொன்னேன். நம்ம ஊர் கவர்மென்ட் ஆஸ்பத்திரில, அங்கன்வாடில இலவசமா போடுறது எம்ஆர் ஊசி, தட்டம்மையும் ரூபெல்லாவும் மட்டும் தான், நடுவுல இருக்க வேண்டிய மம்ப்ஸ் அதுல இல்ல. இலங்கையில அரசாங்கமே எம்எம்ஆர் போடுது, அங்க இத கூகைக்கட்டுன்னு சொல்லுவாங்க. இங்க குழந்தை டாக்டர்கள் சங்கம் 9 மாசம், 15 மாசம், 4ல இருந்து 6 வயசுன்னு மூணு தடவ எம்எம்ஆர் போட சொல்றாங்க, ஆனா அது காசு இருக்கறவங்களுக்கு தான் ஆகுது. எனக்கு இது ரொம்ப வருத்தம். உங்க கொழந்தையோட ஊசி அட்டைய எடுத்து பாருங்க, எம்ஆர்னு இருக்கா எம்எம்ஆர்னு இருக்கான்னு. அக்கா ரெண்டாவது பொண்ணோட அட்டைய தேட உள்ள போயிட்டாங்க.