பிபி நார்மல், ஆனாலும் ஐசியூ ஏன்?

வாசகர் ஒருவரின் கேள்வி: "வண்டி மோதிய 5 வயதுக் குழந்தைக்கு எக்ஸ்ரேயில் எலும்பு எதுவும் உடையவில்லை, பிபியும் நார்மல். அப்புறம் எதற்கு ஐசியூ?" பெரியவர் என்றால் இந்த இரண்டு செய்தியும் ஓரளவு நிம்மதி தரும். குழந்தை விஷயத்தில் இரண்டையும் அப்படியே நம்பிவிட முடியாது.

எலும்பை முதலில் முடித்துவிடுவோம். குழந்தையின் விலா எலும்பு எளிதில் வளையும். அடி விழுந்தால் உடையாமல் உள்ளே அமுங்கி நுரையீரலைக் கன்றச் செய்துவிட்டு, பழைய நிலைக்கே திரும்பிவிடும். எக்ஸ்ரேயில் எலும்பு முழுசாகத் தெரியும். குழந்தைக்கு விலா உடைந்தே இருக்கிறது என்றால் மோதல் மிகக் கடுமையானது என்று அர்த்தம்.

இனி பிபி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 18 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். பெரியவர் ஒருவர் 350 மில்லி ரத்ததானம் செய்துவிட்டு எழுந்து நடந்து போகிறார். குழந்தைக்கு அதே அளவு கிட்டத்தட்ட கால் பங்கு. அவ்வளவு போன பிறகும் பிபி கருவி நார்மல் என்று காட்டலாம். எப்படி?

ரத்த அழுத்தம் என்பது ரத்த ஓட்டத்தையும் குழாய்களின் எதிர்ப்பையும் பெருக்கி வருவது. ரத்தம் குறைந்ததைக் கழுத்துத் தமனியில் இருக்கும் உணரிகள் மூளைத்தண்டுக்குச் சொல்கின்றன. உடனே அட்ரினலின் பாய்கிறது. சிறு குழந்தையின் இதயத்தால் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தைப் பெரிதாகக் கூட்ட முடியாது. அதனால் வேகத்தைக் கூட்டுகிறது. தோல், குடல் பக்கம் போகும் சிறு தமனிகள் இறுகி, இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகின்றன. பெரியவர் உடம்பும் இதைச் செய்கிறது, ஆனால் குழந்தையின் குழாய்கள் இறுகுவது அபாரம். ஓட்டம் குறைந்த அளவுக்கு எதிர்ப்பு ஏறிவிடுவதால் பெருக்குத்தொகை அசைவதில்லை. கருவி காட்டுவது அந்தப் பெருக்குத்தொகையை மட்டும்தான்!

30 சதவீதம் போகும்வரை இப்படித் தாக்குப்பிடிக்கும். மேல் அழுத்தத்தின் (பிபியில் முதலில் சொல்லும் எண்) கீழ் எல்லைக்கு ஒரு கணக்கு உண்டு: வயதை இரண்டால் பெருக்கி 70-ஐக் கூட்ட வேண்டும். 5 வயதுக்கு 80. அதற்குக் கீழே இறங்கினால் பாதிக்குக் கிட்டத்தட்ட ரத்தம் போயிருக்கலாம், சரிவு மிக வேகமாக வரும். அதனால்தான் மருத்துவர்கள் பிபிக்கு முன்னால் நாடித்துடிப்பையும் கைகால் சில்லிட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கிறார்கள். தோலை அழுத்தி விரலை எடுத்தால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வீறிட்டு அழும் குழந்தையைவிட, அடிபட்டபின் துவண்டு அமைதியாகிவிட்ட குழந்தைதான் அவர்களைப் பயமுறுத்தும்.

இவ்வளவு வித்தியாசம் இருந்தும் ஆராய்ச்சிப் பணம் பெரியவர்கள் பக்கமே போகிறது. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தைச் சோதித்த கிராஷ்-2 ஆய்வு 2010-இல் வெளியானது. அதில் சேர்க்கப்பட்ட 20,000-க்கும் மேற்பட்டோரில் குழந்தைகள் கிடையாது. எடைக்குத் தக்கபடி மருந்தைக் குறைத்தால் போதும் என்ற மனப்பான்மை எனக்கு எரிச்சலூட்டுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் குழந்தை மருத்துவர்கள் முந்திக்கொண்டார்கள். முன்பெல்லாம் மண்ணீரல் கிழிந்தால் அகற்றிவிடுவதே வழக்கம். ஆனால் பிறவி ரத்த நோய்க்காக மண்ணீரல் அகற்றப்பட்ட கைக்குழந்தைகளைக் கடும் தொற்று தாக்குவதை கிங், ஷூமேக்கர் என்ற இருவர் 1952-இல் எழுதினார்கள். பிறகு குழந்தை மருத்துவர்கள், மண்ணீரல் கிழிந்த குழந்தைகளிடம் அறுவை செய்யாமல் காத்திருந்து பார்த்தார்கள். பல நேரம் ரத்தப்போக்கு தானாகவே நின்றது. இன்று பெரியவர்களுக்கும் இதே முறை. ஆனால் காத்திருப்பது என்றால் நாடியையும் தோலையும் வயிற்றையும் திரும்பத் திரும்பப் பார்ப்பது. அந்த 5 வயதுக் குழந்தையை ஐசியூவில் வைத்திருப்பது அதற்காகத்தான்.