இன்ஃபினிடிவ்: முடிவிலியா, எச்சமா?

கணக்குப் பாடத்தில் எட்டு என்ற எண் படுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் முடிவிலி. இந்தப் பெயர் சில சமயம் வழி தவறி இலக்கணப் பாடத்துக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. ஆங்கில இலக்கணக் குறிப்பு ஒன்றை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். ‘வாண்ட் என்பதற்குப் பின் முடிவிலி வரும்’ என்று வந்தது. ஆசைக்கு அளவேது என்று யாரோ தத்துவம் பேசுவது மாதிரி இருந்தது. அங்கே சொல்ல வந்தது ‘டு கோ’, ‘டு ஈட்’ மாதிரியான வினை வடிவம், அதாவது இன்ஃபினிடிவ் பற்றி.

குழப்பத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கணக்கின் முடிவிலிக்கான ஆங்கிலச் சொல்லும் இன்ஃபினிடிவும் ஒரே வேரில் முளைத்தவை. லத்தீனில் ‘ஃபினிஸ்’ என்றால் எல்லை. ‘இன்ஃபினிடிவுஸ்’ என்றால் எல்லை கட்டப்படாதது. இலக்கணத்தில் எல்லையில்லாமல் போவது செயல் அல்ல, வினைச்சொல். ‘ஓடுகிறாள்’ என்றால் ஒருத்தி, இப்போது, நானுமில்லை நீயுமில்லை என்று எல்லாம் தெரிந்துவிடுகிறது. ‘ஓட’ என்றால் யார், எத்தனை பேர் என்று ஒன்றும் தெரியாது. ஆளுக்கும் எண்ணுக்கும் கட்டுப்படாத வினை என்பதுதான் பொருள். லத்தீன்காரர்களுக்கு முன்பே கிரேக்க இலக்கணிகள் இதை ‘அபரெம்ஃபதோஸ்’, அதாவது சுட்டிக் காட்டாதது, என்றார்கள். (இத்தனைக்கும் போர்ச்சுகீசியத்தில் ஆளுக்கேற்ப விகுதி மாறும் இன்ஃபினிடிவ் ஒன்று உண்டு. பெயர் வைத்தவர்கள் பார்த்தால் நொந்துபோவார்கள்.)

தமிழ் இலக்கணம் இதே பிரிவினையைத் தன் வழியில் செய்து வைத்திருக்கிறது. ஆள் தெரிய முடிந்து நிற்பது முற்று. முடியாமல் இன்னொரு சொல்லை எதிர்பார்த்து நிற்பது எச்சம். எஞ்சி நிற்பதால் எச்சம். எதிர்பார்ப்பது பெயரை என்றால் பெயரெச்சம், வினையை என்றால் வினையெச்சம். ‘எல்லை இல்லாதது’ என்பதைவிட ‘மிச்சம் வைத்திருப்பது’ என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ‘சாப்பிட...’ என்று ஒருவர் இழுத்து நிறுத்தினால் வந்தாரா, மறந்தாரா, மாட்டேன் என்கிறாரா என்று நாம் காத்திருக்கிறோம் அல்லவா?

அப்படியானால் இன்ஃபினிடிவ் என்பதற்கு வினையெச்சம் என்று எழுதிவிடலாமா? பல கையேடுகள் அப்படித்தான் எழுதுகின்றன. அது ஊரைக் கேட்டால் மாவட்டத்தைச் சொல்வது போல. தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகள், அதாவது மாதிரி வடிவங்கள், ஒன்பதைச் சொல்கிறது, நன்னூல் பன்னிரண்டைச் சொல்கிறது. ‘செய்து’ (வந்து, உண்டு) அதில் ஒன்று, ‘செயின்’ (வரின், உண்ணின்) இன்னொன்று. இன்ஃபினிடிவுக்கு நேராக நிற்பது இந்த வரிசையில் உள்ள ‘செய’ என்ற வாய்பாடு: வர, உண்ண, தூங்க. பழைய உரைகளில் இதற்குச் செயவென் எச்சம் என்று பெயர். நான் பரிந்துரைப்பதும் இதையே. பள்ளியில் நிகழ்கால வினையெச்சம் என்று படித்தவர்களும் இருப்பார்கள். நன்னூல் செயவைத் தன் வரிசையில் நிகழ்காலத்துக்கு வைத்ததால் வந்த பெயர் அது. ஆனால் ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்பதில் பெய்தது முந்தி நடந்துவிட்டது. ‘உண்ண வந்தான்’ என்பதில் இனிமேல்தான் உண்ணப் போகிறான்.

ஆங்கில இன்ஃபினிடிவ் என்றதும் நினைவுக்கு வருவது அந்த ‘டு’. அது பிறவியிலேயே ஒட்டி வந்ததல்ல. பழைய ஆங்கிலத்தில் இன்ஃபினிடிவ் ஒரே சொல்தான்: ‘டிரிங்கன்’, குடிக்க. ஜெர்மன் இன்றும் அப்படியே ‘டிரிங்கன்’ என்கிறது. இதோடு, ‘டு’ என்ற முன்னொட்டுச் சொல்லைப் போட்டு வினையை நான்காம் வேற்றுமையில் நிறுத்தும் வடிவமும் தனியாக இருந்தது: ‘டு டிரிங்கென்னெ’. அதாவது குடிப்பதற்கு. பின்னால் விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தன, ‘டு’ மட்டும் பிழைத்து எல்லாவற்றுக்கும் அடையாளமாகிவிட்டது. நம் ‘கு’ உருபு செய்யும் வேலையைத்தான் அது அங்கே செய்தது. தொல்காப்பியர் சொன்ன ஒன்பதில் ‘செயற்கு’ என்று ஒன்று உண்டு. செயல் என்பதோடு கு சேர்ந்தது. இரண்டு மொழிக்கும் உறவு இல்லை. ஆனால் நோக்கத்தைச் சொல்ல இரண்டும் பிடித்த வழி ஒன்றே.

இப்படி ஒத்துப்போகும் இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘போ’. ‘இட் இஸ் கோயிங் டு ரெயின்’ என்பதில் யாரும் எங்கும் போகவில்லை. ‘மழை பெய்யப் போகிறது’ என்பதிலும் அப்படித்தான். நடந்து போவதைக் குறித்த வினை, இன்ஃபினிடிவோடு சேர்ந்து சேர்ந்து எதிர்காலக் குறியாகிவிட்டது. பேச்சில் அது அங்கே ‘கொனா’ என்று தேய்ந்தது, இங்கே ‘வரப்போறேன்’ என்று ஒட்டிக்கொண்டது. ‘சாப்பிடப் போறேன்’ என்றால் சாப்பிடுவதற்காகக் கிளம்புகிறேனா, இதோ சாப்பிடுவேனா? ஆங்கிலத்திலும் இதே இரட்டைப் பொருள் இருக்கிறது. ‘டு பி ஆனஸ்ட்’ என்று தொடங்கும் வாக்கியத்தை நாம் ‘உண்மையைச் சொல்லப்போனால்’ என்கிறோம். அதற்குள்ளும் ஒரு செய, ஒரு போ.

மறதியிலும் ஒற்றுமை உண்டு. ‘ஐ ஃபர்காட் டு லாக்’ என்றால் கதவைப் பூட்ட மறந்தேன், கதவு திறந்து கிடக்கிறது. ‘ஐ ஃபர்காட் லாக்கிங்’ என்றால் பூட்டியதை மறந்தேன், கதவு பத்திரமாக இருக்கிறது. நடக்காததற்கு இன்ஃபினிடிவ், நடந்துவிட்டதற்குத் தொழிற்பெயர் மாதிரியான ‘இங்’ வடிவம். பூட்ட, பூட்டியதை என்று தமிழ் காட்டும் வேறுபாட்டை மனத்தில் வைத்தால் இந்த இடத்தில் ஆங்கிலம் தப்பாது.

ஆனால் எல்லா இடத்திலும் செயவைப் போட்டுவிட முடியாது. ‘தி லாஸ்ட் பஸ் டு லீவ்’ என்பது கடைசியாகக் கிளம்பிய பஸ். அங்கே பெயரெச்சம்தான் வரும். ‘டு வெயிட் இஸ் ஹார்ட்’ என்றால் காத்திருப்பது கஷ்டம், இது தொழிற்பெயர். ‘டூ டயர்ட் டு ஈட்’ என்பதில் இல்லை என்ற சொல்லே கிடையாது, ஆனாலும் சாப்பிட முடியாத அளவு அசதி என்று தமிழில் எதிர்மறையை வெளியே எடுத்து வைத்தாக வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: மழை பெய்ய நெல் விளைந்ததை ஆங்கில இன்ஃபினிடிவால் சொல்லவே முடியாது.

நம்மவர்கள் சறுக்கும் இடங்கள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, ‘டு’ வரக் கூடாத இடம். ‘லெட்’, ‘மேக்’, ‘கேன்’, ‘மஸ்ட்’ ஆகியவற்றுக்குப் பின் வினை வெறுமனே நிற்கும். ‘ஹி மேட் மீ டு வெயிட்’ தவறு, ‘ஹி மேட் மீ வெயிட்’ சரி. வேடிக்கை என்னவென்றால் செயப்பாட்டுவினையாக மாற்றினால் போன ‘டு’ திரும்பி வந்துவிடும்: ‘ஐ வாஸ் மேட் டு வெயிட்’. இன்னொன்று, அலுவலக மின்னஞ்சல்களின் கடைசி வரி: ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’. அங்கே இருக்கும் ‘டு’ இன்ஃபினிடிவின் ‘டு’ அல்ல, பழைய வேற்றுமைச் சொல்லாகவே நின்றுவிட்ட ‘டு’. அதற்குப் பின் ‘மீட்டிங்’ என்றுதான் வர வேண்டும்.

அப்புறம், இந்த எச்சம் எங்கோ இலக்கண நூலில் ஒளிந்திருப்பது என்று நினைத்துவிட வேண்டாம். ‘நிறைய’ பேர் வந்தார்கள் என்கிறோமே, அது நிறை என்ற வினையின் செயவென் எச்சம். ‘கூட’ என்பது கூடு என்ற வினையுடையது. அழகாக, வேகமாக, மெதுவாக என்று எதை எடுத்தாலும் வாலில் தொங்கும் ‘ஆக’ என்பதும் ஆகு என்ற வினையின் செய வடிவம்தான்.