ஹோம் தியேட்டருக்கு ஒரே ரிமோட்: வாங்குவதற்கு முன் வீட்டில் இருக்கும் பெட்டிகளைப் பாருங்கள்

யூனிவர்சல் ரிமோட் அட்டைப்பெட்டியில் ‘8 சாதனங்களை இயக்கும்’, ‘15 சாதனங்களை இயக்கும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால், சில வாரங்களில் பழைய ரிமோட்டுகள் மறுபடி டீப்பாய்க்கு வந்துவிடும். ஒரு சராசரி ஹாலில் டிவி, ஏ.வி. ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் பெட்டி), செட்டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் ஸ்டிக், மிஞ்சிப்போனால் ஒரு கேம் கன்சோல், அவ்வளவுதான் இருக்கும். இந்த ஐந்தில் முரண்டு பிடிக்கப்போவது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். எந்த ரிமோட் என்பதை அந்த ஒரு பெட்டிதான் முடிவு செய்யும்.

ஒவ்வொரு ரிமோட்டின் முனையையும் உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு பட்டனை அமுக்கிப் பாருங்கள். அப்போதும் வேலை செய்தால் அது ப்ளூடூத் அல்லது ரேடியோ வகை. நின்றுவிட்டால் அகச்சிவப்பு, அதாவது ஐ.ஆர். மொபைலின் செல்ஃபி கேமரா முன்னால் அமுக்கினால் ஐ.ஆர். ஊதாவாக மினுக்கும், பின்பக்கக் கேமராக்கள் சிலவற்றில் ஃபில்டர் இருப்பதால் தெரியாது. ஒரு பட்டன் மினுக்கியதும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஃபயர் டிவி ஸ்டிக் ரிமோட்டில் டிவியின் பவரும் வால்யூமும் ஐ.ஆரில் போகும், அம்புக்குறிகள் ப்ளூடூத்தில் போகும். ஆகவே பட்டன் பட்டனாகச் சோதிக்க வேண்டும்.

ஃபயர் டிவி ஸ்டிக்கிலும் பிளேஸ்டேஷன் 5-இலும் ஐ.ஆர். வாங்கும் கண் கிடையாது. எந்த ஐ.ஆர். ரிமோட்டை வாங்கினாலும் அவை நேரடியாக அசையாது. ஆப்பிள் டிவி 4கே-யில் அந்தக் கண் உண்டு. வேறொரு ரிமோட்டின் பட்டன்களைக் கற்றுக்கொள்ளும் வசதி அதன் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு செட்டாப் பாக்ஸ்கள் பலவற்றிலும் ப்ளூடூத் ரிமோட்தான் வருகிறது. பிராட்லிங்க் ஆர்.எம்.4 ப்ரோ போன்ற, மொபைல் ஆப் வழியே இயங்கும் ரிமோட் பெட்டிகளில் ‘ஆர்.எஃப்.’ (ரேடியோ) என்று இருப்பதைப் பார்த்து ஸ்டிக்கும் ஓடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த ஆர்.எஃப். 433 மெகாஹெர்ட்ஸ்; ஃபேனுக்கும் திரைச்சீலை மோட்டாருக்கும் உதவும், ப்ளூடூத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஸ்டிக்குக்காகவே ப்ளூடூத் உள்ள விலை கூடிய ரிமோட்டுக்குத் தாவும் முன் எச்.டி.எம்.ஐ. சி.இ.சி. என்ற, கேபிள் வழியே சாதனங்கள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் வசதியைச் சோதித்துவிடுங்கள். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று பெயர் மாறும், விஷயம் ஒன்றுதான். அதை ஆன் செய்தபின் டிவி ரிமோட்டின் அம்புக்குறியால் ஸ்டிக்கின் மெனு நகர்ந்தால், டிவியின் ஐ.ஆர். கோடு (ஒவ்வொரு பட்டனுக்கும் உரிய சிக்னல்) தெரிந்த சாதாரண யூனிவர்சல் ரிமோட்டே போதும். கட்டளை டிவிக்குப் போய், அங்கிருந்து கேபிள் வழியே ஸ்டிக்கைச் சேர்ந்துவிடும். நகராவிட்டால் சோஃபாபேட்டன் எக்ஸ்1 மாதிரி ப்ளூடூத்தும் ஹப்பும் (கட்டளையை வாங்கிச் சாதனங்களுக்கு அனுப்பும் தனிப் பெட்டி) உள்ள ரிமோட்டைப் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்தது பவர் பட்டன். அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பெரும்பாலான ரிமோட்டுகளில் ஆனுக்கும் ஆஃபுக்கும் ஒரே பட்டன், ஒரே கோடு. ‘படம் பார்க்க’ என்று ஒரு மேக்ரோ (ஒரே அமுக்கில் பல கட்டளைகளை வரிசையாக அனுப்பும் பட்டியல்) எழுதி அமுக்குகிறீர்கள். டிவி ஏற்கெனவே ஆனில் இருந்தால் அது அணைந்து, ரிசீவர் மட்டும் எழும். மறுபடி அமுக்கினால் டிவி எழும், ரிசீவர் தூங்கிவிடும்.

இதற்கு மருந்து தனித்தனிக் கோடு: ஆனுக்கு ஒன்று, ஆஃபுக்கு வேறொன்று, எச்.டி.எம்.ஐ. 1-க்கு ஒன்று, 2-க்கு இன்னொன்று. டெனான், யமஹா போன்ற ஏ.வி. ரிசீவர்களில் இவை உண்டு. டிவிகள் பலவற்றிலும் உண்டு, ஆனால் கூட வந்த ரிமோட்டில் அதற்குப் பட்டன் இருக்காது. பட்டனே இல்லாததைக் கற்றுக்கொடுக்க முடியாதே! அதனால் ‘லேர்னிங்’ வசதி மட்டும் உள்ள மலிவு ரிமோட் இங்கே உதவாது. உள்ளேயே பல பிராண்டுகளின் கோடு களஞ்சியம் இருக்க வேண்டும், அல்லது ‘0000’ என்று தொடங்கும் ப்ரான்டோ ஹெக்ஸ் கோடை (ஐ.ஆர். கோடை எண்களும் எழுத்துகளுமாக எழுதும் முறை) நாமே உள்ளிட வழி இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது என்றால் நாங்கள் இதைத்தான் கேட்போம்.

உங்கள் டிவிக்குத் தனிக் கோடு கிடைக்கவில்லை என்றால் ஒரு குறுக்கு வழி. சில டிவிகள் இன்புட் பட்டனையோ எண் பட்டனையோ அமுக்கினாலே எழுந்துகொள்ளும். ஆஃப் மேக்ரோவில் முதலில் அதை அனுப்பி, 8 வினாடி விட்டு, பிறகு பவரை அனுப்புங்கள். டிவி எந்த நிலையில் இருந்தாலும் முடிவில் அணைந்திருக்கும்.

மேக்ரோவில் இடைவெளி வைக்கத் தெரியாத ரிமோட்டைத் தொடாதீர்கள். ஏ.வி. ரிசீவர் எழும்போது சில வினாடிகளுக்கு எந்தக் கட்டளையையும் காதில் வாங்காது. டிவி ஆன், ரிசீவர் ஆன், பிறகு 5 முதல் 8 வினாடி பொறுத்து இன்புட் என்ற வரிசை பெரும்பாலும் சரியாக வரும். புரொஜெக்டர் என்றால் பெரும்பாலும் ஆஃபுக்கு இரண்டு முறை பவர் அனுப்ப வேண்டும், நடுவே ஒரு வினாடியாவது விட்டு. ஒட்டி அனுப்பினால் ஒரே நீண்ட அமுக்கு என்று எடுத்துக்கொண்டு ‘அணைக்கவா?’ என்ற கேள்வியிலேயே நிற்கும். விளக்கு ஆறிக்கொண்டிருக்கும்போது அனுப்பும் ஆன் கட்டளையையும் அது கண்டுகொள்ளாது.

கரண்ட் போய் வரும் வீடுகளில் இன்னொரு சிக்கல். எது ஆனில் இருக்கிறது என்று தானே நினைவில் வைத்துக்கொள்ளும் ரிமோட்டுகள் உண்டு. கரண்ட் திரும்பியதும் ஸ்டிக் தானே எழும், ரிசீவர் பெரும்பாலும் ஸ்டாண்ட்பையில் நிற்கும், டிவி அதன் செட்டிங்கைப் பொறுத்தது. ரிமோட் மட்டும் எல்லாம் ஆனில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். தனிக் கோடு இருந்தால் இந்தத் தொல்லையும் இல்லை.

பழைய ரிமோட்டின் பட்டன்களைப் புது ரிமோட்டுக்குக் கற்றுக்கொடுக்கும்போது இரண்டு ரிமோட்டையும் மேஜையில் முகத்துக்கு முகம், 2 முதல் 5 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். பழைய ரிமோட்டில் புது பேட்டரி போடுங்கள். ஜன்னல் வெயிலும் சி.எஃப்.எல். வெளிச்சமும் விழக் கூடாது. பட்டனைச் சுருக்கமாகத் தட்டினால் போதும். என்.இ.சி. என்ற சிக்னல் முறையில் பட்டனைப் பிடித்தே இருந்தால் முழுக் கோடுக்குப் பின் ஒரு குட்டி ‘ரிபீட்’ சிக்னல்தான் வரும். சில ரிமோட்டுகள் அதையும் சேர்த்துப் பதிந்து குழப்பிவிடும். பிலிப்ஸின் ஆர்.சி.5 முறை வேறு விதம். ஒவ்வொரு புதிய அமுக்குக்கும் அதில் ஒரு பிட் மாறும். கற்ற ரிமோட் அந்தப் பிட்டை அப்படியே உறையவைத்துவிடுவதால், டிவி அதை ஒரே அமுக்கு என்று எடுத்துக்கொள்ளும்; 11-ஆம் சேனலுக்கு 1-ஐ இரண்டு முறை அமுக்கினாலும் 1-தான் வரும். ரிமோட் கெட்டுவிட்டது என்று மாற்றக் கொடுக்காதீர்கள். களஞ்சியத்திலிருந்து கோடை எடுத்தால் சரியாகிவிடும்.

சாதாரண ஐ.ஆர். 36 முதல் 40 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. பேங் அண்ட் ஓலுஃப்சன் பிராண்டு மட்டும் 455 கிலோஹெர்ட்ஸ். பல ரிமோட்டுகளால் அதைக் கற்கவே முடியாது. ஏசியையும் இதே ரிமோட்டில் சேர்க்க ஆசைப்பட்டால், ஏசி ரிமோட் ஒவ்வொரு அமுக்கிலும் வெப்பநிலை, மோடு, ஃபேன் வேகம் எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்புகிறது என்பது ஞாபகம் இருக்கட்டும். ‘24 டிகிரி, கூல்’ என்று ஒரு பட்டன், ‘ஆஃப்’ என்று ஒரு பட்டன், அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பெட்டிகளெல்லாம் மூடிய ஷோகேஸுக்குள் இருந்தால் ஹப்பும் ஒயரில் வரும் எமிட்டரும் (ஐ.ஆர். அனுப்பும் சின்ன விளக்கு) தேவை. டார்ச் அடித்துப் பார்த்தால் முகப்பு பிளாஸ்டிக்குக்குப் பின்னால் வட்டமாகச் சின்னக் கண் தெரியும். எமிட்டரை அதன்மேல் ஒட்டி வேலை செய்யாவிட்டால் கொஞ்சம் தள்ளி ஒட்டுங்கள். சிக்னல் அளவுக்கு மீறினாலும் அது குழம்பும். இவ்வகை ஹப்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். ரூட்டரில் இரண்டு பேண்டும் ஒரே பெயரில் இருந்து, ஹப் சேர மறுத்தால், 5 கிகாஹெர்ட்ஸை அந்த ஐந்து நிமிடத்துக்கு அணைத்து வையுங்கள்.

லாஜிடெக் 2021 ஏப்ரலில் ஹார்மனி என்ற யூனிவர்சல் ரிமோட்டுகளின் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. செகண்ட் ஹேண்டில் இன்னும் கைமாறுகிறது. அதிக விலை கொடுக்க நாங்கள் சொல்லமாட்டோம், ஏனென்றால் அதில் புதுச் சாதனம் சேர்க்க அவர்களுடைய சர்வர் வேண்டும். எந்த பிராண்டாக இருந்தாலும், இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு ஏற்கெனவே பதிந்த பட்டன்கள் ஓடுகின்றனவா என்று திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். பழைய ரிமோட்டுகளைப் பேட்டரி கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். ஸ்டிக்கை ரீசெட் செய்தால் முதல் பேரிங்குக்கு (ரிமோட்டோடு இணைப்பதற்கு) அதன் சொந்த ரிமோட்டைத்தான் கேட்கும்.